புனைமொழியில் வலக்கைக்கும் இடக்கைக்கும் சொல் ஆக்குவது எப்படி?

ஆற்றுமொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உருவாக்கிவரும் புனைமொழியின் உடலுறுப்புச் சொற்களை ஒழுங்குபடுத்தும்போது ஒரு சிக்கலில் நின்றுவிட்டேன். உங்கள் கருத்துகளை வேண்டுகிறேன்.

இம்மொழியைப் பேசுவதாக நான் கற்பனை செய்துள்ள மக்கள் ஒரு நீண்ட பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் ஒரே ஆறும், அதன் இரு கரைகளுக்கும் அப்பால் உள்ள மலைகளுமே அவர்களின் உலகம். கைக்கு 'நெம்', ஆற்றுக்கு 'அவோ', மலைக்குத் 'தொக்' என்ற சொற்கள் உறுதியாகிவிட்டன. வலக்கைக்குக் 'கலீம்' என்ற பிரிக்க முடியாத பழஞ்சொல்லை வைத்திருக்கிறேன். இம்மொழியில் எதிர்ப்பொருள் தரும் முன்னொட்டு 'உ' என்பதால், இடக்கைக்கு 'உகலீம்' என்று இப்போதைக்குக் குறித்துள்ளேன். இலக்கணப்படி இதில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் அகராதியைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் இந்த இணை மட்டும் மக்கள் வாயில் புழங்கிய சொற்களாகத் தோன்றாமல், மேசையில் அமர்ந்து செய்த சொற்களாகவே தோன்றுகிறது. இதை இப்படியே விடலாமா, வேறு வழி தேடலாமா?

ஒலியன் எழுதியது:

மாற்றுங்கள் என்பதே என் கருத்து. அதற்கான காரணம் முதலில் ஒலியைச் சார்ந்தது.

நீங்கள் எடுத்த வழி புனைமொழிகளில் மிகப் பழையது. ஷ்லேயர் ஆக்கிய வோலப்யூக்கில் வலப்புறம் 'தெத்', இடப்புறம் 'நெதெத்'. 1887இல் சாமன்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோவில் வலது 'தெக்ஸ்த்ரா', இடது 'மால்தெக்ஸ்த்ரா'. கற்பவர் மனப்பாடம் செய்யவேண்டிய வேர்களைக் குறைக்கும் நோக்கத்துக்கு இது பொருத்தமானதுதான். 'மால்' என்ற ஒரே முன்னொட்டு நன்மையைத் தீமையாக்கும், பெரியதைச் சிறியதாக்கும். ஆனால் வலமும் இடமும் அமைதியாக உட்கார்ந்து ஆராயும் கருத்துகள் அல்ல. ஓடும் வண்டியிலும் காற்று வீசும் படகிலும் உரத்துக் கூவும் சொற்கள் அவை. முன்னொட்டு காற்றில் கரைந்துவிட்டால் கேட்பவர் பொருளற்ற ஓர் ஒலியைக் கேட்கமாட்டார். நேர் எதிரான கட்டளையைக் கேட்பார். எஸ்பெராண்டோ பேசுவோரிடையே 'லிவா' என்ற தனிச்சொல் இடதுக்காகப் பின்னர் முன்மொழியப்பட்டதும் இயல்பே.

இயற்கை மொழிகளிலும் இந்த இடர் உணரப்பட்டிருக்கிறது. ஆங்கிலக் கப்பலோட்டிகள் கப்பலின் வலப்புறத்தை 'ஸ்டார்போர்டு' என்றும் இடப்புறத்தை 'லார்போர்டு' என்றும் வழங்கிவந்தார்கள். இரண்டும் செவிக்கு ஒன்றுபோலவே பட்டதால், 1844இல் பிரிட்டனின் கடற்படை 'லார்போர்டு' என்பதை நீக்கிப் 'போர்ட்' என்பதையே பயன்படுத்துமாறு ஆணையிட்டது. 1846இல் அமெரிக்கக் கடற்படையும் அவ்வாறே செய்தது. உங்கள் 'கலீம்', 'உகலீம்' இரண்டும் அவற்றைவிட நெருக்கமானவை. முதல் எழுத்தோ வெறும் குற்றுயிர். அதற்கு முந்தைய சொல் உகரத்தில் முடிந்தால் அது முற்றிலும் மறைந்துபோகும்.

வேர்நாடி எழுதியது:

நண்பர் ஒலியன் கூறியதை ஏற்கிறேன். சொல் வரலாற்றின் பக்கமிருந்தும் ஒன்று சொல்லவேண்டும்: இந்த இரு கைகளுக்கும் மொழிகள் ஒரே வகையான வாழ்க்கையை வழங்குவதில்லை.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப் பாருங்கள். சமஸ்கிருதத்தின் 'தக்ஷிண', கிரேக்கத்தின் 'தெக்ஸியோஸ்', லத்தீனின் 'தெக்ஸ்தெர்', லித்துவேனியனின் 'தெஷினே', ஐரிஷின் 'தெஸ்' எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்த மொழிகள் வலத்துக்கான சொல்லை மட்டும் கைவிடாமல் காத்திருக்கின்றன. இடதுக்கு அப்படி ஒரே வேர் இத்தனை கிளைகளில் பரவி நிற்கவில்லை. ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் புதிதாகத் தேடிக்கொண்டது. ஆங்கிலச் சொல் 'வலுவற்றது' என்ற பழம்பொருளிலிருந்து வந்தது. ஸ்பானிய மொழி, லத்தீனிலிருந்து வந்த தன் சொல் 'தீக்குறி' என்ற பொருளைச் சுமக்கத் தொடங்கியபின், பாஸ்க் மொழியின் 'எஸ்கெர்' என்பதோடு உறவுடைய 'இஸ்கியெர்தா' என்பதைப் பேச்சில் ஏற்றுக்கொண்டது. கிரேக்கர்கள் இடதுக்கு 'அரிஸ்தெரோஸ்' என்றார்கள். அதில் இருப்பது 'மிகச் சிறந்தது' என்ற பொருளுடைய வேர். 'நற்பெயருடையது' என்று பொருள்படும் 'எவோனிமோஸ்' என்றும் சொன்னார்கள்.

நம் இலக்கணம் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக வகுக்கிறது. கிரேக்கர் செய்தது தூய மங்கலம்; அஞ்சியதை நல்ல பெயரிட்டு அழைத்தார்கள். மங்கலச் சொல்லும் நாளடைவில் தான் மறைத்த பொருளின் நிழலை ஏற்றுக்கொள்ளும் என்பதால், அதையும் மாற்றவேண்டிய நிலை வருகிறது. எனவே உங்கள் 'கலீம்' அப்படியே இருக்கட்டும். இடக்கைக்கான சொல் மட்டும் இரண்டு மூன்று தலைமுறைச் சொற்களைக் கடந்து வந்ததாக அமையட்டும். மொழிக்கு வயது இருக்கிறது என்பதை இந்த ஒரு சமச்சீரின்மையே வாசகருக்கு உணர்த்திவிடும்.

இடக்கையர் எழுதியது:

வேர்நாடி அவர்கள் சொன்ன வரலாறு உண்மை. ஆயினும் அதைப் புனைமொழிக்குள் அப்படியே இறக்குமதி செய்வதற்கு முன் சற்று நின்று யோசிக்குமாறு வேண்டுகிறேன். மனிதரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கமுடையவர். நானும் அவர்களில் ஒருத்தி. வலிமையின்மை, கோணல், தீக்குறி, தூய்மையின்மை ஆகியவற்றையெல்லாம் அந்தக் கையின் மேல் ஏற்றிவைத்த சொற்களை இயற்கை மொழிகளில் நாம் மாற்ற முடியாது. அவை நம் பிறப்புக்கு முன்பே அமைந்துவிட்டன. புனைமொழியிலோ ஒவ்வொரு சொல்லும் ஆக்குபவரின் தெரிவு. இடது என்றால் இழிவு என்ற எண்ணம் ஆற்றுமொழி அவர்களின் மக்களுக்கு இருந்தே தீரவேண்டும் என்பதற்கு என்ன கட்டாயம் இருக்கிறது?

'உகலீம்' என்பதில் எனக்குள்ள வருத்தமும் இதுவே. 'வலக்கை அல்லாதது' என்று ஒரு கையை அழைப்பது, அதற்குத் தனக்கென ஒரு பெயர்கூட இல்லை என்று சொல்வதற்குச் சமம். அக்கையால் எழுதுபவருக்கு அதுவே முதற்கை.

வேர்நாடி எழுதியது:

இடக்கையர் அவர்களின் வேண்டுகோள் நியாயமானது. அதற்கு நான் எதிரி அல்லேன். ஆனால் ஒரு சொல் வழக்கிழந்து மற்றொன்று அதன் இடத்துக்கு வரவேண்டுமானால் அதற்குக் காரணம் வேண்டும். அச்சமும் கூச்சமும் இல்லாவிட்டால், இடக்கைச் சொல் மட்டும் ஏன் மாறியது என்ற வினாவுக்கு மொழியின் உள்ளேயே விடை இருக்கவேண்டும். அந்த விடையை ஆற்றுமொழி அவர்களின் நிலத்தில்தான் தேடவேண்டும் என்று எண்ணுகிறேன்.

திசைமானி எழுதியது:

நிலம் என்று குறிப்பிட்டதால் உள்ளே வருகிறேன். கையும் திசையும் ஒன்றையொன்று பெயரிடுவது உலகில் பரவலாகக் காணப்படும் செய்தி. எந்தத் திசையை நோக்கி நிற்கிறார்கள் என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. கிழக்கை நோக்கி நின்றவர்களுக்கு வலக்கைப் பக்கம் தெற்காயிற்று. அதனால்தான் சமஸ்கிருதத்தில் 'தக்ஷிண', ஐரிஷில் 'தெஸ்', வெல்ஷில் 'தே' ஆகிய ஒவ்வொன்றும் வலதையும் தெற்கையும் ஒருங்கே குறிக்கின்றன. அரபியில் இடதுக்கான சொல்லும் வடக்குக்கான சொல்லும் ஒரே வேரினவாக இருப்பதும் அந்த நோக்கினால்தான். மங்கோலியர் தெற்கை நோக்கியவர்கள். அவர்களின் 'பரூன்' மேற்கும் வலதும், 'சூன்' கிழக்கும் இடதும் ஆகும். ஹவாய் மொழியில் 'ஆகாவ்' என்பது வலதும் வடக்கும், 'ஹெமா' என்பது இடதும் தெற்கும். அது மேற்கு நோக்கிய அமைப்பு. புனைமொழியான குவென்யாவும் மேற்கு நோக்கியதே. அதன் வடக்கு 'வலக்கைப் பகுதி' என்றும் தெற்கு 'இடக்கைப் பகுதி' என்றும் அமைந்தது.

தமிழ் வேறு வழி சென்றது. வலம் 'வல்' என்ற வலிமையோடு சேர்ந்தது. திசைப்பெயர்களில் கிழக்கும் மேற்கும் நிலத்தின் கீழ், மேல் என்ற சரிவிலிருந்து வந்தன. கைக்கும் திசைக்கும் இடையே இங்கே பாலம் இல்லை.

உங்கள் மக்களுக்கு ஆறே அச்சு. ஆகவே அவர்கள் வானத்தைப் பார்த்துத் திசை சொல்லமாட்டார்கள். ஆற்றின் மேல்முகம், கீழ்முகம், ஆற்றுப்பக்கம், மலைப்பக்கம் என்றே சொல்வார்கள். இனி நீங்கள் தீர்மானிக்கவேண்டியது ஒன்றுதான்: அவர்கள் வழக்கமாக எதை நோக்கி நிற்கிறார்கள்?

ஆற்றுமொழி எழுதியது:

திசைமானி அவர்களின் கேள்வியால் நெடுநாளாகத் தனித்துக் கிடந்த ஒரு குறிப்பு பயனுக்கு வருகிறது. இப்பள்ளத்தாக்கின் வணிகம் முழுவதும் படகில் நடக்கிறது. கீழ்முகமாகப் போகும்போது வெள்ளமே படகை எடுத்துச் செல்வதால் எல்லோரும் படகில் அமர்ந்துவிடுகிறார்கள். மேல்முகமாகத் திரும்பும்போது மட்டும் ஆட்கள் கரையில் இறங்கி, கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். வோல்கா ஆற்றில் 19ஆம் நூற்றாண்டில் பர்லாக்குகள் என்ற தொழிலாளர் செய்ததும், யாங்சி ஆற்றில் படகிழுப்போர் செய்ததும் இதே வேலைதான்.

அப்படியானால் கரைப்பாதையில் நடப்பவர் எப்போதும் மேல்முகம் நோக்கியே நடக்கிறார். கீழைக்கரையில், அதாவது கிழக்குக் கரையில், நடப்பவருக்கு ஆறு எப்போதும் இடப்பக்கம் இருக்கும். இழுப்பவர்களின் தலைவர் 'அவோநெம்', அதாவது 'ஆற்றுக்கை', என்று கூவினால் எல்லோரும் கயிற்றை இடக்கைக்கு மாற்றவேண்டும் என்று பொருள். வேர்நாடி அவர்கள் கேட்ட காரணம் இங்கே கிடைக்கிறது. இது மங்கலம் அன்று. தொழிலாளர் குழுவின் குழூஉக்குறி. கரையிலிருந்த அந்தக் குறி ஊருக்குள் பரவியதால் பழைய 'உகலீம்' வழக்கிழந்தது. ஒலியன் அவர்கள் சொன்ன இடரே அது வழக்கிழந்ததற்கு இரண்டாவது காரணம்: ஆற்றின் இரைச்சலில் 'கலீம்', 'உகலீம்' இரண்டும் பிரித்தறியப்படவில்லை. ஆகவே 'உகலீம்' என்பதை அழிக்காமல், பழைய சடங்குப் பாடல்களில் மட்டும் எஞ்சியிருக்கும் சொல்லாக அகராதியில் வைத்துக்கொள்கிறேன்.

ஒலியன் எழுதியது:

'கலீம்', 'அவோநெம்' என்பவை இரைச்சலிலும் மயங்கமாட்டா. அசை எண்ணிக்கை வேறு, தொடக்க ஒலி வேறு, உயிர்கள் வேறு. நாட்பட நாட்பட 'அவோநெம்' என்பது 'ஔநெம்' என்று சுருங்கும் என்பதையும் இப்போதே குறித்துவைத்துவிடுங்கள். அன்றாடம் வழங்கும் கூட்டுச்சொல் தன் மூட்டுகளை நெடுநாள் காட்டிக்கொண்டிருக்காது.

நுண்பொருள் எழுதியது:

மேலைக்கரையில் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லையே? அங்கே மேல்முகம் நோக்கி நடப்பவருக்கு ஆறு வலப்பக்கம் வரும். ஒரே சொல் ஒரு கரையில் இடக்கையையும் மறுகரையில் வலக்கையையும் குறித்தால் இந்த மொழியில் ஒருவரும் மற்றவருக்கு வழி சொல்ல முடியாது.

ஆற்றுமொழி எழுதியது:

அதையும் எண்ணிப் பார்த்தேன். வேர்நாடி அவர்களின் விதி இங்கே நம்மைக் காக்கிறது. வலக்கைக்கான 'கலீம்' உறுதியான பழஞ்சொல்; அது இரு கரைகளிலும் நிலைத்திருக்கிறது. மேலைக்கரையாருக்கு வலக்கையை 'ஆற்றுக்கை' என்று புதிதாக அழைக்கவேண்டிய தேவை எழவே இல்லை. அவர்களுக்கும் பெயர் தேவைப்பட்டது இடக்கைக்கு மட்டுமே. அந்தக் கரையில் இடக்கை மலைப்பக்கம் இருப்பதால், அவர்கள் 'தொக்நெம்', அதாவது 'மலைக்கை', என்றார்கள். ஆகவே வலக்கைக்கு மொழி முழுவதும் ஒரே சொல். இடக்கைக்கு மட்டும் கீழைக்கரையில் ஒன்றும் மேலைக்கரையில் ஒன்றுமாக இரு சொற்கள். இரண்டும் ஒரே கையைக் குறிப்பதால் ஒன்றை மற்றொன்றாகக் கேட்டாலும் கேடில்லை.

திசைமானி எழுதியது:

இது மிக அழகாகப் பொருந்துகிறது. வட்டார வழக்கை வரைபடத்தில் ஒரே கோடாக வரைந்துவிடலாம், அந்தக் கோடு ஆறேதான். நம் புவியியலார் ஆற்றின் ஓட்டத்தை நோக்கி நின்று இடக்கரை, வலக்கரை என்று பிரிப்பதால், உங்கள் கீழைக்கரை அவர்கள் கணக்கில் இடக்கரை ஆகும். குறிப்பு எழுதும்போது அந்தச் சொற்களைத் தவிர்த்துக் கீழை, மேலை என்றே எழுதுங்கள்.

நுண்பொருள் எழுதியது:

என் முதல் ஐயம் தீர்ந்தது. ஆனால் கை வேறு, பக்கம் வேறு என்ற பெரிய வினா மீதி இருக்கிறது. 'மரத்தின் இடப்பக்கம்' என்று சொல்லும்போது அது யாருடைய இடப்பக்கம்? மரத்துக்கு முகம் இல்லாததால் பார்ப்பவரின் இடப்பக்கத்தைச் சொல்கிறோம். எதிரே நிற்கும் மனிதரின் இடப்பக்கம் என்றாலோ அவருடையதா என்னுடையதா என்ற குழப்பம் வருகிறது. லோஜ்பான் என்ற புனைமொழி இதை இலக்கணத்திலேயே அடைத்துவைத்திருக்கிறது. அதன் 'ஸுன்லே' என்ற, இடதைக் குறிக்கும் சொல்லுக்கு மூன்று நிரப்பிடங்கள் உண்டு: இடப்பக்கம் இருப்பது, எதற்கு இடப்பக்கம் என்பது, அது எதை நோக்கியுள்ளது அல்லது எந்த நோக்குச் சட்டகத்தில் சொல்லப்படுகிறது என்பது. 'ப்ரீது' என்ற வலச்சொல்லும் அப்படியே. தெளிவு மிகுந்த அமைப்பு. ஆயினும் அது தருக்க மொழிக்குரியது, உங்கள் படகிழுப்போருக்கு உரியது அன்று.

அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மெக்சிகோவின் மலைப்பகுதியில் பேசப்படும் ட்செல்தால் மொழியின் வழி. அங்கே வலக்கைக்கும் இடக்கைக்கும் உறுப்புப் பெயர்கள் உண்டு. ஆனால் ஒரு பொருளின் பக்கத்தில் மற்றொன்று இருப்பதைச் சொல்ல அப்பெயர்களை நீட்டிப் பயன்படுத்துவதில்லை. நிலத்தின் ஏற்றம், இறக்கம் ஆகியவற்றைக் கொண்டே சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியில் உடலுக்கு மிக அருகில் இருப்பதைக்கூட வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று திசையால் குறிப்பது பலராலும் ஆராயப்பட்ட செய்தி. கை உடம்போடு திரும்பும், நிலம் திரும்பாது. உங்கள் மொழியும் இவ்விரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்ளட்டும்.

ஆற்றுமொழி எழுதியது:

அப்படியே ஏற்கிறேன். 'அவோநெம்' என்பதன் உள்ளே ஆறு இருப்பதால் இந்தப் பிரிவு இன்னும் தேவையாகிறது. கீழைக்கரைப் பெண் கீழ்முகம் நோக்கித் திரும்பி நின்றால், அவளுடைய 'ஆற்றுக்கை' மலையின் பக்கம் இருக்கும். ஆனாலும் அது அவளுடைய ஆற்றுக்கைதான். சொல்லின் உள்ளே புதைந்த பொருளைப் பேசுபவர் நினைப்பதில்லை. 'ஸ்டார்போர்டு' என்பது சுக்கான் துடுப்பு கட்டப்பட்ட பக்கம் என்ற பொருளில் தோன்றியது; சுக்கான் கப்பலின் பின்புற நடுவுக்குப் போனபின்பும் பெயர் வலப்பக்கத்திலேயே தங்கிவிட்டது.

ஆகவே கைச்சொற்கள் உடலுக்கும், படகு போன்று தனக்கென முன்பக்கம் உடையவற்றுக்கும் மட்டும் வரும். மரம், பாறை, பானை ஆகியவற்றுக்கு 'அவோ', 'தொக்' என்ற நிலப்பெயர்களே வரும்.

நுண்பொருள் எழுதியது:

கடைசியாக ஒன்று. அம்மக்களே தங்கள் மொழிக்கு அகராதி எழுதினால் 'கலீம்' என்பதற்கு என்ன விளக்கம் தருவார்கள்? வலம், இடம் ஆகியவற்றைச் சொற்களால் மட்டும் வரையறுப்பது கடினமான வேலை. ஒரு கையின் விரல்களையும் அவற்றின் இடைவெளிகளையும் எவ்வளவு நுட்பமாக விவரித்தாலும் அந்த விவரம் மற்றக் கைக்கும் பொருந்தும் என்பதை மெய்யியலாளர் கான்ட் 1768இலேயே எடுத்துக்காட்டினார். இயற்பியல்கூட இவ்விரண்டையும் பிரித்தறியும் என்பது, சியென்-ஷியுங் வூ கோபால்ட்-60 அணுக்கருக்களைக் கொண்டு செய்து 1957இல் வெளியான ஆய்வினால்தான் தெரியவந்தது. அதனால்தான் அகராதிகள் பொதுவாக 'வடக்கு நோக்கி நிற்பவருக்குக் கிழக்கே அமையும் பக்கம்' என்று புறவுலகின் ஏதேனும் ஒன்றைச் சுட்டவேண்டியிருக்கிறது. உங்கள் மக்கள் 'மேல்முகம் நோக்கி நிற்பவருக்குக் கதிரவன் எழும் பக்கத்துக் கை' என்பார்களா?

திசைமானி எழுதியது:

அந்த விளக்கம் ஆறு நேராக ஓடும் வரையில்தான் செல்லும். ஆறு வளைந்து கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் இடத்தில், மேல்முகம் நோக்குபவர் கதிரவன் எழும் திசையையே நேரே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு மாறாக, 'கீழைக்கரையில் மேல்முகம் நோக்கி நிற்பவருக்கு ஆற்றுப்பக்கம் அமையும் கை' என்று இடக்கையை வரையறுத்தால், ஆறு எத்தனை முறை வளைந்தாலும் அது பொய்க்காது; அந்தக் கரையில் மேல்முகம் பார்ப்பவருக்கு ஆறு ஒருபோதும் வலப்பக்கம் வராது. வானத்தைவிட ஆறே அவர்களுக்கு நம்பகமான அளவுகோல்.

இடக்கையர் எழுதியது:

இந்த அகராதியில் முதலில் வரையறை பெறுவது இடக்கை, வலக்கை அதன் வழியாக வரையறை பெறுகிறது என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இடக்கைப் பழக்கம் உடையவரை எப்படி அழைப்பார்கள் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்; அந்த இடம் வெறுமையாக இருந்தால் பிற்காலத்தில் ஏதேனும் இழிசொல் வந்து அமர்ந்துவிடும்.

ஆற்றுமொழி எழுதியது:

முடிவுகளை எழுதிவைக்கிறேன். 'கலீம்' வலக்கை, இரு கரைகளிலும் பொது. 'அவோநெம்' கீழைக்கரையில் இடக்கை, இளையோர் பேச்சில் 'ஔநெம்'. 'தொக்நெம்' மேலைக்கரையில் இடக்கை. 'உகலீம்' பாடல் வழக்கு மட்டும்.

இடக்கைப் பழக்கமுடையவருக்கு 'முன்கயிற்றார்' என்று பொருள்படும் சொல்லை வைக்கிறேன். கீழைக்கரையில் படகிழுக்கும்போது கயிறு ஆற்றுப்பக்கம் இழுபடுவதால், அந்தப் பக்கத்துக் கை வலிமை மிக்கவரையே வரிசையின் முதலில் நிறுத்துகிறார்கள். அதிலிருந்து பிறந்த பெயர் இது. மேலைக்கரையில் அந்தச் சொல் வலக்கைக்காரரைத்தானே குறிக்கவேண்டும் என்று நுண்பொருள் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அங்கே முன்கயிற்றில் நிற்பவர்கள் பெரும்பாலும் வலக்கைக்காரர்களே என்பதால், அந்த இடம் தனிப்பெயர் பெறும் அளவுக்குச் சிறப்புப் பெறவில்லை. மேலைக்கரையார் இடக்கைப் பழக்கத்தைக் குறிக்கும் சொல்லைக் கீழைக்கரையிலிருந்து கடன் வாங்கிக்கொண்டார்கள். அதன் உள்ளே கயிறு இருப்பது அவர்களுக்குத் தெரியாது.